பதினொரு மணிக்கு வரும் பஸ்

கர்ப்பப்பைப் புற்றுநோய்ப் பிரிவில் சீட்டு எழுதும் அக்காவுக்கு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. மாதவிடாய் நின்ற பிறகும் உதிரம் போகிறதென்று மருத்துவ முகாமில் சொன்ன பெண்களில், கல்குவாரிப் பக்கத்தார் மட்டும் ஏன் பரிசோதனைக்கு வருவதில்லை?

“பயமா இருக்கும்,” என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. லீவு போட்டு, குவாரிக்குப் போய்த் தங்கி, காலையில் அந்தப் பெண்களோடு முதல் பஸ்ஸில் ஏறினாள். அது ஊரெல்லாம் சுற்றி ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மணி பதினொன்று.

“பத்துக்கே சீட்டு ஜன்னலைச் சாத்திடுறாங்க. எத்தனை தடவதான் வர்றது?” என்றாள் கூட வந்தவள்.

தினமும் அதைச் சாத்துவது அக்காதான். முகம் சுண்டிப்போனது.

மறுநாள் டாக்டரம்மாவிடம், “பயமெல்லாம் இல்லம்மா, பஸ்ஸுதான்,” என்றாள். வியாழக்கிழமைகளில் மதியம்வரை சீட்டு என்றானது. முதல் வாரமே குவாரியிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். பரிசோதனையில் ஒருத்திக்கு ஆரம்பநிலைப் புற்றுநோய் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் குணமானாள்.