சாக்கில் சுற்றிய கத்தி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து அறையின் சுவரில், இயேசுநாதர் படம் போட்ட கலண்டருக்குப் பக்கத்து ஆணியில், ஒரு கவ்வாத்துக் கத்தி தொங்கியது. தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டிக் குறைக்கிற வளைந்த கத்தி. அது பெரியப்பாவுடையது. மரக்கறிப் பாத்தியின் வேலி பற்றி வந்த சண்டையில், கசிப்புச் சாராய வெறியில், அவர் என் அப்பாவின் வலக்கையை வெட்டியது அந்தக் கத்தியால்தான். மூன்று விரல்கள் போயின. பெரியப்பா சிறைக்குப் போனார். வழக்கு முடிந்ததும் அப்பா அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கிவந்து, நாங்கள் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேராக மாட்டினார். தோட்டத்திலேயே நல்ல கவ்வாத்துக்காரர் என்று பெயரெடுத்த மனிதர், அதன்பிறகு தேயிலை ஆலையில் குப்பை கூட்டினார்.

நாலு வருஷம் கழித்துப் பெரியப்பா திரும்பி வந்தார். குடி இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன வேதப் புத்தகம். சிறையில் ஆண்டவர் தன்னைத் தேடி வந்தார் என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாய் சும்மா இருக்காது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்தவரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஆண்டவரு மன்னிச்சிட்டாரு, சரி. எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா வாளியைக் கீழே வைத்தார். "நீ கேக்குறது ஞாயந்தான் புள்ள." அவர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கவ்வாத்துக்குக் கங்காணி கூப்பிட்டபோதும் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெண்களோடு புல் பிடுங்கப் போனார். நடிப்பு என்றே நினைத்தேன்.

எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு ஹட்டனிலிருந்து போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். அன்று திருவிருந்து. மனஸ்தாபம் உள்ளவர்கள் அதற்கு எழுந்து போவதில்லை என்பது எங்கள் சபையின் வழக்கம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்; ஆனால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். கதவோரத்துக் கடைசி வாங்குப் பலகையில் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். முன் வாங்கில் அப்பா. சபை முழுவதும் எழுந்து போய் அப்பமும் ரசமும் வாங்கித் திரும்பும்வரை, மூன்று வருஷம், இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

ஒரு திருவிருந்து ஞாயிறு காலையில் அப்பா கத்தியை ஆணியிலிருந்து எடுத்துச் சாக்கில் சுற்றினார். அம்மா முன்னமே கோயிலுக்குப் போயிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே நடந்தேன். வழியில் எத்தனையோ பேர் எதிரே வந்தார்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் தடுத்திருப்பார்கள். போடவில்லை. வெட்டட்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

போதகர் திருவிருந்துக்கு அழைத்ததும் அப்பா எழுந்து, பீடத்துக்கு முதுகைக் காட்டிக் கடைசி வாங்கை நோக்கி நடந்தார். பாட்டு பாதியில் நின்றது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். பெரியப்பா சாக்கைப் பார்த்தார். ஓடவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அப்பா சாக்கைப் பிரித்து, மிச்சமிருந்த இரண்டு விரல்களால் கத்தியைப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தை அண்ணனிடம் நீட்டினார்.

"புடிண்ணே. நாளைக்கு ஆறாம் நம்பர் மலையில கவ்வாத்து. நான் வெட்டுன நெரைய இனி நீ வெட்டு."

பெரியப்பாவால் கையை நீட்ட முடியவில்லை. அப்பாவே அவர் மடியில் வைத்தார். பிறகு அவரைத் தோளில் பிடித்து எழுப்பி முன்னால் கூட்டிப் போனார். சபையில் எல்லோரும் அழுதார்கள். அன்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த மாதம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பீலிக்கரையிலேயே பெரியப்பாவிடம் சொன்னேன்: "அப்பா கத்திய எடுத்தத நான் பாத்தேன் பெரியப்பா. நீங்க செத்தா நல்லதுன்னுதான் சும்மா இருந்தேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "சாக்குக்கு வெளிய கத்திப் புடி எனக்கும் தெரிஞ்சிச்சு புள்ள. தம்பி மனசு ஆறட்டும்னுதான் கழுத்தக் குனிஞ்சு குடுத்தேன். ஆண்டவரு எனக்கே எடம் குடுத்தாரு, ஒனக்குக் குடுக்கமாட்டாரா? வர்ற ஞாயித்துக்கெழம திருவிருந்துக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நில்லு." நின்றேன்.

பெரியப்பா போன வருஷம் காலமானார். கத்தி இப்போது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அப்பா மாட்டியபோது இரண்டு விரல் அகலம் இருந்த அலகு, பெரியப்பா தீட்டித் தீட்டி வெட்டியதில் பாதியாகிவிட்டது. தேய்ந்துபோனதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று என் மகள் கேட்கிறாள். அது பெரியப்பா செய்ததை நினைக்க அல்ல என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. வாய் திறக்காமல் பின்னால் நடந்த ஒருத்தியை நினைக்கத்தான். திருவிருந்து ஞாயிறுகளில் அதை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி மாட்டிவிட்டுக் கோயிலுக்குப் புறப்படுகிறேன்.