இடது கண்ணின் வெள்ளை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை ஒன்றில் வெள்ளை பார்ப்பது என் வேலை. வெளுத்து வரும் துணி போதுமான வெண்மையா, பழுப்பு தட்டுகிறதா என்று சொல்ல வேண்டும். புதியவர்கள் மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பதினாறு வருட அனுபவம் என்ற திமிர் எனக்கு. வலது கண்ணை மூடி, இடது கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அந்த வாரம் வந்ததெல்லாம் மங்கலாக இருந்தது. ஒரே துணியை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். வெளுக்கிற செல்லையா அண்ணன் அதைக் கொண்டுவந்து என் முன்னால் இழுத்துக் காட்டினார். நைந்து கிழிந்தது.

"இன்னும் எம்புட்டுத்தான் வெளுக்க? மாதிரிய வச்சுப் பாரு தாயி."

வைத்துப் பார்த்தேன். மாதிரியும் மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணை மாற்றி மூடினேன். இரண்டு துணியும் பளிச்சென்று வெள்ளை. நான்கு நாளாகக் கண்ணைத் திருப்பினால் வலித்தது. வெளுக்கும் மருந்தின் நெடி என்று விட்டிருந்தேன். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் மாறி மாறி டார்ச் அடித்தார்.

"வலது கண்ணுல தெரியிற வெளிச்சத்துக்குப் பத்து மார்க்னா, இடதுக்கு எவ்வளவு?"

"நாலு," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வீக்கம்) என்றார். மூன்று நாள் ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) டிரிப்ஸில் கையில் ஏறியது. வார்டுச் சுவரை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தபடியே கிடந்தேன்.

"ஏட்டி, யாரப் பாத்து இப்படிக் கண்ணடிக்கே?" என்றார் என் வீட்டுக்காரர். என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதத்தில் நாலு ஒன்பதானது. மீதி ஒன்று வராது போலிருக்கிறது.

"ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும். அப்படிப் பார்க்காதீங்க," என்றார் டாக்டரம்மா. ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே என் பிழைப்பு? மறுபடி வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அடுத்த கண்ணிலும் வரலாமாம்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். விடிந்ததும் எழுவதற்கு முன்பே கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன். நேற்றைய ஒன்பது இன்றும் இருந்தால் சாயங்காலம் வரை நிம்மதி. அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருக்கிறது.

மகள் அடுத்த வருடம் சேரப்போகும் காலேஜைப் பற்றி ஆசையாகப் பேசுவாள். நான் அவள் முகத்தை முதலில் ஒரு கண்ணாலும், பிறகு மறு கண்ணாலும் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.