ஒரு வருடமும் நான்கு மாதமும்

என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவளுடைய மகன் கல்லூரி அணியில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறான். அவன் நிற்கும் இடத்துக்கு ரன்னிங் பேக் என்று பெயர். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தன்னை விழுத்தக் காத்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும். ஏப்ரல் கடைசியில் தொழில்முறை அணிகள் மூன்று நாள் கூடி, கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுத்துக்கொள்ளும். அதைத்தான் டிராஃப்ட் என்கிறார்கள். இந்த வருடம் அவனும் தன் பெயரைக் கொடுத்திருந்தான்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு தங்கை அழைத்தாள்.

"அண்ணை, இஞ்ச ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம். ஒருத்தர் கட்டாயம் எடுப்பினம் எண்டுறார், மற்றவர் சந்தேகம் எண்டுறார். நீங்கள் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள்தானே. இவன்ர ஓட்டங்களைப் பாத்து உள்ளதைச் சொல்லுங்கோ."

அவள் சொன்னது உண்மை. எங்கள் குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார், எப்போது கடல் கடந்தார் என்று கேட்க வேண்டுமானால் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் வீட்டுக்குத்தான் அழைப்பார்கள். நூலகத்தில் அந்த விளையாட்டைப் பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்து வந்து படித்தேன். பிறகு அவன் அனுப்பிய காணொளிகளை நாள்வாரியாக அடுக்கி, ஓட்டம் ஓட்டமாகக் குறித்தேன். யார் வழிவிட்டார், முதல் ஆள் கைவைத்த பிறகு இவன் எவ்வளவு தூரம் போனான், பந்தை எந்தக் கையில் வைத்திருந்தான் என்று எல்லாவற்றையும்.

"பெடியன் ஓடுறான், நீங்கள் கதிரையில இருந்து களைக்கிறியள்" என்று மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று கிழமையில் எனக்கு ஓரளவு தெளிவு வந்தது. இடைவெளியை முன்கூட்டியே காணும் கண் அவனுக்கு உண்டு. விழும்போதும் முன்னால்தான் விழுவான். ஆனால் பந்தை எறியும் தன் அணி வீரனை நோக்கிப் பாய்ந்து வருபவர்களை மறித்து நிற்கத் தெரியவில்லை. வேகம் போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. அவனைப் பற்றி இணையத்தில் எழுதியவர்களும் இதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, எல்லோருமே ஒரே ஆறுதலில் முடித்தார்கள்: வயது குறைவு, இன்னும் வளர்வான். ரன்னிங் பேக்குகளின் கால்கள் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால் அணிகள் அவர்களுடைய வயதை மாதக்கணக்கில் பார்க்குமாம்.

குறிப்பின் முதல் பக்கத்தில் உயரம், எடை, பிறந்த திகதி எழுத வேண்டியிருந்தது. அச்சில் வந்த திகதியை, குடும்பத் திகதிகளை எழுதி வைக்கும் என் கொப்பியோடு ஒப்பிடாமல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. எடுத்துப் பார்த்தேன். அவன் பிறந்தது ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள், கொழும்பில். கல்லூரியின் தாளிலோ அதற்கு அடுத்த வருட வைகாசி. ஒரு வருடமும் நான்கு மாதமும் வித்தியாசம்.

நான்தான் பிழைவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் கஷ்டமாகவும் இருந்தது. பழைய கடிதங்களைக் கிளறினேன். பிழை என்னுடையதல்ல. தங்கையை அழைத்தேன்.

இரண்டு திகதியையும் சொன்னதும் அவள் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வயசுக்குள்ள மடிப்பிள்ளை எண்டா எயார்போட்டில கனக்கக் கேள்வி கேக்க மாட்டினம் எண்டு எங்களை வெளிநாடு அனுப்பின ஏஜென்சிக்காரன் சொன்னவன் அண்ணை. மூண்டு வயசு ஆகப்போற பிள்ளை, ஆனா ஆள் சின்னன்தானே. பேப்பரில ஒண்டரை எண்டு போட்டவன்."

"அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. பிறகு பள்ளிக்கூடம், தடுப்பூசி, கேக் வெட்டுறது எல்லாம் அந்தத் திகதியிலதானே."

"சொல்லத்தானே வேணும், பிள்ளை."

"சொன்னா அவன் நேர போய் அந்த டீம் ஆக்களிட்டச் சொல்லிப்போடுவான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பேப்பரில கை வைச்சா சிட்டிசனும் போகும், எல்லாம் போகும். அண்ணை, உங்களைக் கும்பிடுறன், அந்தக் கொப்பியை மூடி வையுங்கோ."

மூடி வைத்தேன். ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக்க ஏலவில்லை. அவனுடைய உயர்பள்ளி ஓட்டங்களைத் திரும்பப் போட்டேன். முதல்முறை பார்த்தபோது நான் எழுந்து நின்று கைதட்டிய ஓட்டங்கள் அவை. இப்போது அவன் உதறிவிட்டுப் போகும் ஒவ்வொரு முகமும் சின்னப் பிள்ளையின் முகமாகத் தெரிந்தது. அவன் ஏமாற்றவில்லை. ஓடியது அவனுடைய கால்தான். ஆனாலும் என் குறிப்பில் அந்தப் பக்கத்தை அப்படியே விட என்னால் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை.

டிராஃப்டுக்கு முதல் கிழமை மருமகனே காணொளியில் அழைத்தான். இங்கிலீசும் தமிழும் கலந்துதான் பேசுவான்.

"மாமா, ஒனஸ்டாச் சொல்லுங்கோ. எல்லாம் பாத்தனீங்கள். எடுப்பினமோ?"

"மறிக்கிறதுதான் குறை. ஆள் வாற பக்கத்தை நீ பிந்திப் பாக்கிறாய்."

"ஐ நோ, ஐ நோ. கோச்சும் அதைத்தான் சொல்லுறவர். ஸ்பீடும் குறைஞ்சு போச்சு. ஏன் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. இந்த வயசில கூடத்தானே வேணும்? நான்தான் ஒழுங்கா ட்ரெய்ன் பண்ணேல்லைப்போல."

அவன் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் தங்கை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"உன்னில பிழை இல்லை" என்றேன்.

மூன்று நாளும் முடிந்தன. அவனுடைய பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஞாயிறு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனுடைய அழைப்பு வந்தது. ஆறுதல் சொல்ல என்று வார்த்தை தேடிக்கொண்டே எடுத்தேன். அவனோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எடுக்காட்டிலும் ஒரு டீம் ஃபோன் பண்ணினது! பயிற்சி முகாமுக்கு வரட்டாம். ஏன் தெரியுமோ? நான் யங்காம். ரெண்டு வருசம் வெயிட் பண்ணிப் பாக்கலாமாம்."

"நல்லது, மகன். நல்லது." மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முழங்காலைக் கவனமாப் பார்."

"என்ன மாமா, கிழவனுக்குச் சொல்லுற மாதிரி" என்றான். "எனக்கு இன்னும் இருபத்தொண்டுதானே."