திராட்சைப் பெட்டிக்கு அடியில் என் புத்தகம்

எழுத்தாளர்கள் எல்லோரும் இந்தக் கோடையில் படிக்கும் புத்தகங்களைப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். நானும் சொல்கிறேன்.

ஓடைப்பட்டியில் எங்கள் தோட்டத்தில் திராட்சை அறுவடை. பெட்டிக்குள் அடியில் பழைய தாள் விரிப்பது என் வேலை. விரிக்கும் முன் ஒரு பத்தியாவது படித்துவிடுவேன்.

இன்று கைக்கு வந்த தாளில் என் பென்சில் எழுத்து இருந்தது. ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு போவதற்காகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிவைத்த தாவரவியல் புத்தகம். பாதியைக் கிழித்துவிட்டார்கள்.

"அப்பா, இது என் புத்தகம்."

"தெரியும் ஆத்தா. தாளு பத்தல."

"பள்ளிக்கூடம் தொறந்தா என்ன செய்ய?"

அப்பா பெட்டிக்கு ஆணியடித்துக்கொண்டே இருந்தார். சித்திதான் சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராக. அவுக வந்து தாவரவியலா கேக்கப் போறாக?"

எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தத் தாளையே விரித்துக் குலைகளை அடுக்கினேன்.

அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா இருமினாலே போனை அணைத்துவிடுகிறேன்.

பெட்டிகளை ஏற்றிய லாரி இந்நேரம் குமுளி தாண்டியிருக்கும். கேரளாவில் யாராவது திராட்சைப் பெட்டி வாங்கினால், அடியில் இருக்கும் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஆறாம் பாடத்துக்கு மேல் நான் இன்னும் படிக்கவில்லை.