கடல்நாய்கள் கிடந்த திட்டு

“…கடல்நாயைப் பார்த்துச் சிரியுங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அந்தத் திட்டில கிடந்த சனத்தைச் சொல்லி ஏன் சிரிக்கிறியள், அல்பிரட் அண்ணை?” என்றார் அம்மா. நிறுத்திய இஞ்சினின் டீசல் மணம் இன்னும் எங்களைச் சுற்றியே நின்றது. கோடையிலும் உப்புக்காற்று காதைக் கடித்தது.

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய, பிரெஞ்சு பேசும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து எங்கள் தேவாலயப் பங்குச் சனம் ஆண்டுதோறும் பஸ் பிடித்து யாத்திரை போகும். எனக்குப் பத்து வயதிருக்கும் அந்தக் கோடையில், யாத்திரை முடிந்த கையோடு, ஆறு கடலாக விரியும் கழிமுகத்தில் கடல்நாய் பார்க்கப் படகேறினோம். செபமோ பாட்டோ ‘பகிடி’யோ, மைக் எப்போதும் அல்பிரட் அண்ணையின் கையில்தான். அவருக்குப் பிரெஞ்சு வரும் என்பதால் வழிகாட்டிப் பெண்ணும் படகிலிருந்த மைக்கை அவரிடமே கொடுத்து, விலங்குகள் மிரளும், நான் சொல்வதைத் தமிழில் மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள்.

பாறைத் திட்டுக்கு எட்டவே படகை நிறுத்தினார்கள். கிட்டப் போகக் கூடாதாம். குட்டி தனியே கிடந்தாலும் தொடக் கூடாதாம், தாய் இரை தேடிவிட்டு வந்துவிடுமாம். அழுத குழந்தைகளைக்கூட ‘உஸ்’ என்று அடக்கினார்கள். அப்போதுதான் அவர் மைக்கில், “உதுகளைப் பாருங்கோ, இந்தியா வந்திட்டுதெண்டு ஓட்டி இறக்கிவிட்ட எங்கட ஆக்கள் மாதிரியெல்லோ கிடக்குதுகள்” என்றார். படகே சிரித்தது.

மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குத் தப்பி ஓடியவர்களை படகோட்டிகள் நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போன கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் பிறக்குமுன், அம்மாவின் கைக்குழந்தையாக இருந்த என் அண்ணா அந்தத் திட்டில்தான் தண்ணீர் இல்லாமல் செத்தான் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தார்கள். கடல்நாய்க் குட்டிக்காக இஞ்சினை நிறுத்துகிற உலகம் என் அண்ணாவுக்காக ஒரு படகைத் திருப்பவில்லையே என்ற கோபம் வளர்ந்த பிறகு வந்தது. அன்று வந்தது அந்தச் சிரிப்பின்மேல் வந்த கோபம், அது இன்றும் ஆறவில்லை.

இப்போது அந்தப் பஸ் போவதில்லை. அல்பிரட் அண்ணையும் இல்லை. சிரித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டு எந்தக் கடலில் இருக்கிறதென்றே தெரியாது. பாவம், நல்ல மனிசன், வாயில் வந்ததைச் சொல்லிப்போட்டார் என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம்.

அன்று அம்மா அப்படிக் கேட்டதற்கு அல்பிரட் அண்ணை, “பகிடிக்குத்தானே தங்கச்சி, உதுக்கேன் கோவிக்கிறாய்?” என்று கேட்டார். கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே ஒதுங்கிப் போகிற அம்மா, எழும்பிப் போய் அவர் கையிலிருந்து மைக்கைப் பறித்து, வழிகாட்டிப் பெண் உதட்டில் விரல் வைத்துக் காட்டக் காட்ட, வீட்டில் ஒருநாளும் சொல்லாத அண்ணாவின் பெயரை உரத்துச் சொல்லி, இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கினார்.