இரண்டு சீஸ்கேக்கும் ஒரு பல்குச்சியும்

அவளுக்குத் தராசக்கா என்று பெயர் வைத்தது நாத்தனார்தான். மாவில் சேர்க்கும் உப்பைக்கூட எடை போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பள்ளிக்கூட ஆய்வகத்தில் பதினான்கு வருடமாகக் குடுவைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள், ஒன்றைத் தவிர. சூப்பர் மார்க்கெட் கடை தன் பெயரையே போட்டு விற்கிற கிரீம் சீஸில் சீஸ்கேக் சுட்டால் உருப்படாது, பெயர்பெற்ற கம்பெனியின் டப்பாதான் வேண்டும் என்பாள். நாத்தனாரோ கடைச் சரக்கில்தான் சுடுவாள், அதுவும் கண்ணளவில். வீட்டு விசேஷங்களில் முதலில் காலியாவது அவள் தட்டுதான். தராசக்காவுக்கு அது ஆறாத வயிற்றெரிச்சல்.

தெருமுனைக் காபிக்கடைக்காரர் மாதிரிக்கு ஒரு கேக் கேட்டிருந்தார். பிடித்துவிட்டால் சனிக்கிழமைதோறும் எடுத்துக்கொள்வார். ஆய்வக வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொண்டு அடுப்படியே கதியென்று இருக்கலாம். ஆனால் கம்பெனி டப்பா சில வாரம் சூப்பர் மார்க்கெட்டுக்கு வருவதே இல்லை. அந்த வாரங்களில் கடைச் சரக்கு கைகொடுக்குமா? இத்தனை வருடம் கேட்காத கேள்வியை இப்போது கேட்டே ஆகவேண்டியிருந்தது.

ஒரே அளவில் இரண்டு தகரப் பாத்திரம், எடைபோட்ட முட்டை, ஒரே அடுப்பு. கடைச் சரக்குக் கலவை கொஞ்சம் நீர்த்திருந்ததைக் கண்டு உள்ளூர மகிழ்ந்தாள். வெந்து வந்தபோது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சூட்டில் சீட்டு ஒட்டாது என்பதால், கம்பெனிக் கேக்கின் ஓரத்தில் ஒரு பல்குச்சியைக் குத்திவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் இரண்டு கேக்கும் தட்டுக்கு மாறியிருந்தன. பல்குச்சியைக் காணோம்.

“நான்தான் எடுத்தேன். யாருக்காவது தொண்டையில குத்திட்டா?” என்றான் கணவன்.

“எதுலேர்ந்து எடுத்தீங்க?”

“கேக்லேர்ந்து.”

“எந்தக் கேக்லேர்ந்துன்னு கேக்கறேன்.”

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “இதுன்னுதான் நினைக்கிறேன். இல்ல, அதுவா? ஓட்டை தெரியக்கூடாதுன்னு கரண்டியால வேற தடவி விட்டுட்டேனே” என்றான், பாராட்டை எதிர்பார்த்து.

போனால் போகிறது, நாக்கு எதற்கு இருக்கிறது என்று ஆறவைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி. ஐந்து தடவை. வித்தியாசம் பிடிபடவில்லை. கணவன்மேல் வந்த கோபத்தைவிட இதுதான் அதிகமாக எரிந்தது. மாடியிலிருந்து நாத்தனாரை வரவழைத்தாள். அவள் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “இது உங்க கம்பெனிதான் அண்ணி, பணக்காரக் களை தெரியுதே” என்று ஒன்றைக் காட்டினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுவாய் போட்டவள், மற்றதைக் காட்டி அதே உறுதியோடு அதையே சொன்னாள்.

தின்று தீர்த்தது போக எதில் அதிகம் மிஞ்சியிருந்ததோ, அது காபிக்கடைக்குப் போயிற்று.

கடைக்காரர் நிதானமாகச் சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். “இதேதான் வேணும் அக்கா. இம்மி மாறக்கூடாது. வர்றவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

“மாறாது” என்றாள் தராசக்கா. எது மாறாது என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமைக்கு முன்னால் இரண்டு சரக்கிலும் வாங்கிவந்து, கிராம் பிசகாமல் பாதிக்குப் பாதி கலந்து சுட்டாள். “பாத்தீங்களா, அதே ருசி” என்றார் கடைக்காரர். வாராவாரம் என்று முடிவாயிற்று. அரைநாள் வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தாள். கம்பெனி டப்பா வராத வாரம் என்ன செய்வது என்பது மட்டும் சோதனைக்கு முன்னால் இருந்த இடத்திலேயே இருந்தது.

“கடைசியில எதுதான் நல்லதுன்னு முடிவு பண்ணினே?” என்று கேட்டான் கணவன், பல்லைக் குத்திக்கொண்டே.

அவள் பல்குச்சி டப்பாவை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.