ராணிக்கு முளைத்த கன்ன எலும்பு

பத்து வயதுவரை என் முகத்தில் எலும்பு இருந்ததற்குச் சாட்சியே கிடையாது. அத்தனையும் கன்னம். டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மாடிப்படி ஏறி இறங்கும் யாரும் அதைக் கிள்ளாமல் போனதில்லை. எங்கள் காலனிப் பொங்கல் விழா நாடகத்தில் நான்கு வருடமாக எனக்கு ஒரே வேடம்தான், வெண்ணெய் தின்னும் கண்ணன். வசனம் கிடையாது. தின்பது மட்டும்.

ஐந்தாம் வருடம் அடம்பிடித்துக் கொடுங்கோல் ராணி வேடத்தை வாங்கிவிட்டேன். ஆறு பக்க வசனம். தமிழ் எழுத்தோடு எனக்கு அப்போது தகராறு என்பதால் அத்தனையையும் இந்தி எழுத்தில் எழுதிவைத்து உருப்போட்டேன். நாடகம் போடும் மாமாவுக்கு என் குரலில் குறையில்லை, முகத்தில்தான். "அரே, இந்த மூஞ்சியப் பாத்தா மந்திரி எப்படிப் பயப்படுவான்? தூக்கி இடுப்புல வெச்சுப்பான்" என்றார். விழா நாளன்று நாலு மணிக்கு வேடத்தோடு அவர் முன்னால் நிற்க வேண்டும். அப்போதும் குழந்தையாகத் தெரிந்தால் ராணி வேடம் எதிர் பிளாக் பெண்ணுக்கு. அவளுக்குப் பிறவியிலேயே ஒட்டிய கன்னம். என் வசனம் முழுவதும் தனக்குத் தெரியும் என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அழுதுகொண்டே சித்தியிடம் போனேன். சித்தி அம்மாவின் தங்கை. மத்திய அரசுத் தேர்வுக்குப் படிக்கவென்று திருநெல்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கணக்கில் கோட்டை விட்டிருந்தாள். அப்பா தினமும் சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்கு எத்தன கணக்கு போட்ட?" என்று கேட்பார். சித்தி ஏதோ ஓர் எண்ணைச் சொல்வாள். அது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். அவளுடைய கணக்குப் புத்தகத்துக்குள் போன் இருக்கும். போனுக்குள் யாரோ ஒருத்தி முகத்தில் கோடு கோடாகப் பூசிக்கொண்டிருப்பாள்.

"இதுக்கா அழுத? இருட்டு வெச்சா உள்ள போவும், வெளிச்சம் வெச்சா வெளிய வரும். அவ்வளவுதான்ட்டி" என்றாள் சித்தி.

அந்த இருட்டை வாங்க சரோஜினி நகர் நடைபாதைக் கடைக்குப் போனோம். என் நிறத்தைவிட இரண்டு படி கறுப்பாக ஒரு பூச்சுக் குச்சி வேண்டும் என்றாள் சித்தி. கடைக்காரர் திகைத்துப்போனார். அவர் கடையில் வெளுப்புக் கேட்டவர்கள்தான் உண்டாம். மூட்டையின் அடியில் விலை போகாமல் கிடந்த ஒரு பாதிக் குச்சியைத் தேடி எடுத்து, கூடவே ஒரு பஞ்சையும் இனாமாகக் கொடுத்தார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. மதிய வெயிலில் பால்கனியில் என்னை உட்காரவைத்து, கன்னத்தை மீன் மாதிரி உள்ளே இழுக்கச் சொன்னாள் சித்தி. பள்ளம் விழுந்த இடத்தில் ஒரு கோடு. நெற்றி ஓரம், தாடை, மூக்கின் இரு பக்கம் என்று குச்சி முழுவதும் தீர்ந்தது. ஜனவரிக் குளிரில் ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அவள் தேய்த்தபோது பல் கிட்டித்தது. ஆனால் அசையவில்லை. கொஞ்சம் மின்னும் பூச்சை எடுத்துவருகிறேன் என்று சித்தி உள்ளே போனாள்.

அந்த இடைவெளியில் அம்மா வந்தாள்.

எங்கள் வீட்டில் பவுடர் போடாமல் வாசல் தாண்டுவது செருப்பில்லாமல் போவது மாதிரி. "ஏட்டி, மூஞ்சியெல்லாம் அழுக்கு அப்பிக் கெடக்கு, பவுடர் போடாம எங்க கெளம்புத?" என்று ஒரு கையால் என் தாடையைப் பிடித்து, மறு கையில் கொட்டியிருந்த வெள்ளைப் பவுடரை நெற்றியிலிருந்து கழுத்துவரை அப்பிவிட்டாள். மூச்சுவிட வழி கிடைப்பதற்குள் ராணி போய் மாவில் புரட்டிய கொழுக்கட்டை வந்துவிட்டது.

திரும்பி வந்த சித்தி, "யக்கா!" என்றாள். மணி மூன்றே முக்கால். குச்சியும் இல்லை. எதிர் பிளாக் பெண் என் கிரீடத்தோடு நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. நான் ஓவென்று அழ வாயெடுத்தேன்.

"அழாத, கண்ணீர் பட்டா கெட்டுரும். கன்னத்த உள்ள இழு" என்றாள் சித்தி. ஈரப் பஞ்சை விரல் நுனியில் சுற்றி, பள்ளமாக வேண்டிய இடத்தில் மட்டும் பவுடரைத் துடைத்தாள். அடியில் இருந்த கறுப்பு வெளியே வந்தது. மேடாக வேண்டிய இடத்தில் அம்மாவின் பவுடரை அப்படியே விட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். நான் எதிர்த்துப் பேசத் துணியாத ஒரு பெண்மணி அங்கே இருந்தாள். எனக்குக் கன்ன எலும்பு முளைத்திருந்தது!

மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். எதிர் பிளாக் பெண் எனக்குச் சாமரம் வீசினாள். நான் மேடையேறி, "இவன் தலையைச் சீவுங்கள்!" என்று கத்தியதும் முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைவிட இனிய சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நாடகம் முடிந்ததும் பெண்களெல்லாம் சித்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பாவின் மேலதிகாரியின் மனைவி தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சித்திதான் வரவேண்டும் என்று அங்கேயே நம்பர் வாங்கிக்கொண்டார். அம்மா கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், பவுடர் போட்டது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா சர்க்கரைப் பொங்கல் தொன்னையைப் பிடித்தபடி, சாப்பிடாமல், சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சித்தியின் மேக்கப் பையை அப்பா தூக்கிவந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் சித்தி வழக்கம்போல ஓர் எண்ணைத் தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது, தலையைக் குனிந்தே இருந்தாள். அப்பா அவள் தட்டில் ரசத்தை ஊற்றி, "சாப்பிடும்மா. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்க" என்றார். கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே கேட்கவில்லை.

ராணியைக் கண்ட பயத்தில் அப்பாவுக்குக் கேள்வி மறந்துவிட்டது என்று நினைத்தேன். ரசத்தில் காரமே இல்லாதபோது சித்திக்கு ஏன் கண் கலங்குகிறது என்பதுதான் விளங்கவில்லை. அம்மா எத்தனை சொல்லியும் முகம் கழுவ மறுத்து, கன்ன எலும்போடு படுத்துத் தூங்கினேன், அன்றைக்கு ஜெயித்தது நான் ஒருத்திதான் என்ற நினைப்பில்.